பட்டியலின் கடைசிப் பெயர்

2022 ஏப்ரல் 30. அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரம். அமெரிக்கக் கால்பந்தின் 32 தொழில்முறை அணிகளும் மூன்று நாளாகக் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தன. 261 பேரை எடுத்தாயிற்று. 262-ஆவதாக, கடைசியிலும் கடைசியாக, சான் பிரான்சிஸ்கோ அணி ஒரு பெயரைச் சொன்னது: பிராக் பர்டி.

கடைசியாகத் தேர்வாகிறவருக்கு அங்கே ஒரு பட்டப்பெயர் உண்டு: 'மிஸ்டர் இர்ரெலவன்ட்'. கணக்கில் வராதவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1976-இலிருந்து ஆண்டுதோறும் அவரைக் கலிபோர்னியாவின் நியூபோர்ட் பீச் நகரத்துக்கு அழைத்து, விருந்து வைத்து, பந்தைக் கை நழுவ விடும் வீரனின் சிலை ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவார்கள். பர்டியும் வாங்கிக்கொண்டார்.

இரண்டு ஆண்டு முழுசாக முடியவில்லை. 2024 பிப்ரவரியில், அந்த விளையாட்டின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோ அணியை நடத்திக்கொண்டு களத்தில் நின்றவர் அதே பர்டி. ஆட்டம் கூடுதல் நேரம் வரை இழுத்தது. 22-க்கு 25 என்ற கணக்கில் கான்சஸ் சிட்டி அணியிடம் தோற்றார்கள்.

இன்னொரு பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: டிரே லான்ஸ். 2021-இல் இதே சான் பிரான்சிஸ்கோ அணி மூன்றாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது இவரை. அந்த மூன்றாம் இடத்தைப் பெறுவதற்காக 2021, 2022, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்றில் வீரரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புகளையும் மியாமி அணிக்குக் கொடுத்தது. போதாதென்று இன்னும் ஒரு வாய்ப்பும் சேர்த்துக் கொடுத்தது. லான்ஸ் அந்த அணிக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடிய போட்டிகள் நான்கே நான்கு. 2023 ஆகஸ்டில், ஒரு நான்காம் சுற்று வாய்ப்புக்கு ஈடாக அவரை டல்லாஸ் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஒரே அணி. ஒரே தலைமைப் பயிற்சியாளர். ஓர் ஆண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு முடிவுகள். இருப்பதையெல்லாம் கொடுத்து வாங்கியவர் போய்விட்டார். கடைசியில் மிஞ்சியிருந்தவர் அணியைத் தூக்கி நிறுத்தினார். இந்த அணிகளிடம் பணத்துக்குக் குறைவில்லை. வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போவதற்கென்றே சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு வீரரின் கல்லூரி ஆட்டங்களையும் மணிக்கணக்கில் போட்டுப் பார்க்கிறார்கள். மருத்துவர்கள் மூட்டு மூட்டாகச் சோதிக்கிறார்கள். அப்படியும் ஏன் தப்புகிறது? தம்பி தங்கைகளே, இதற்குள் நல்ல அறிவியல் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். இது நாம் ஆடும் கால்பந்து இல்லை. பந்து இரண்டு முனையும் கூராக, நீள்வட்டமாக இருக்கும். பெரும்பாலும் கையில்தான் ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மறுபடி நான்கு முயற்சி. தாக்குதல் ஒவ்வொன்றும் ஒருவரின் கையிலிருந்து கிளம்பும். அவர்தான் குவார்ட்டர்பேக். பர்டி, லான்ஸ் இருவரும் குவார்ட்டர்பேக்குகள்தான். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர். நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி மேலே வருவது கடினம். அதனால்தான் அந்த இடத்துக்கு அத்தனை போட்டி.

ஐ.பி.எல். ஏலத்தில் எந்த அணி அதிக விலை சொல்கிறதோ அதற்கே வீரர். அமெரிக்கக் கால்பந்தில் கல்லூரியிலிருந்து வருகிறவர்களுக்கு ஏலம் கிடையாது. முந்தைய ஆண்டில் மிக மோசமாக ஆடிய அணி முதலில் தேர்ந்தெடுக்கும். கோப்பை வென்ற அணி கடைசியில். இப்படி ஏழு சுற்று. இதற்கு 'டிராஃப்ட்' என்று பெயர். பணக்கார அணிகளே நல்ல வீரர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போவதைத் தடுக்க, பிலடெல்பியா அணியின் பெர்ட் பெல் சொன்ன யோசனை இது. 1936-இல் முதல் டிராஃப்ட் நடந்தது. அதில் முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் தொழில்முறைப் போட்டி ஒன்றில்கூட ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். முதல் ஆண்டின் முதல் பெயரிலேயே கணக்கு தப்பியிருக்கிறது.

இனி குவார்ட்டர்பேக்கின் வேலையை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம்.

நடுவில் குனிந்து நிற்பவர் பந்தைத் தன் கால்களுக்கு நடுவே பின்னால் தள்ளுகிறார். பந்து குவார்ட்டர்பேக்கின் கைக்கு வருகிறது. இனி அவருக்கு இருப்பது ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று விநாடி. எதிரணியில் நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்கப் பாய்ந்து வருகிறார்கள். அவருடைய தோழர்கள் ஐந்து பேர் குறுக்கே நின்று தடுக்கிறார்கள். பந்தைப் பிடிக்கக்கூடிய தோழர்கள் வெவ்வேறு பாதையில் ஓடுகிறார்கள். பின்னால் நிற்கும் எதிரணிக் காவலர்களோ, பந்து கிளம்பும்வரை ஒரு வியூகத்தில் நிற்பதுபோலக் காட்டிவிட்டு, கிளம்பியதும் வேறு வியூகத்துக்கு மாறுவார்கள். இதைப் புரிந்துகொண்டு, முதல் தோழருக்கு வழியில்லை என்றால் இரண்டாமவர், அவருக்கும் இல்லை என்றால் மூன்றாமவர் என்று பார்வையை மாற்றி, எறிந்தாக வேண்டும்.

எங்கே எறிவது? அதில் ஓர் இயற்பியல் கணக்கு இருக்கிறது. எறிந்த பந்து மணிக்கு 85, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது கஜம், அதாவது சுமார் 18 மீட்டர் போய்ச்சேர அதற்கு முக்கால் விநாடி பிடிக்கும். தோழர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடினால் அதற்குள் 6 மீட்டர் நகர்ந்திருப்பார். ஆகவே அவர் நிற்கும் இடத்தைப் பார்த்து எறிந்தால் பந்து எதிரியிடம் போகும். அவர் வரப்போகும் வெற்றிடத்துக்கு எறிய வேண்டும். சில நேரம் தோழர் இன்னும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். பந்து அதற்குள் கையை விட்டுப் புறப்பட்டிருக்கும். பெரிய ஆட்கள் மேலே விழப்போவது தெரிந்தும் கண்ணைத் தூரத்தில் வைத்து இதைச் செய்ய வேண்டும்.

இந்தத் திறமையை எப்படி அளப்பது? ஆண்டுதோறும் இந்தியானாபோலிஸ் நகரத்தில் வீரர்களைக் கூட்டிவைத்துச் சோதிக்கிறார்கள். உயரம், எடை, கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல் வரை கையின் அகலம், நின்ற இடத்திலிருந்து எவ்வளவு உயரம் எம்புகிறார் என்பது, 40 கஜ ஓட்டத்துக்கு எத்தனை விநாடி என்பது, எல்லாம் அளக்கப்படும். தோழர்களுக்குப் பந்தை எறிந்து காட்டவும் சொல்வார்கள். ஆனால் அங்கே பாய்ந்து வருகிறவர் யாரும் இல்லை; வியூகத்தை மாற்றி ஏமாற்றுகிறவரும் இல்லை. 12 நிமிடத்தில் 50 கேள்விக்குப் பதில் சொல்லும் ஓர் எழுத்துத் தேர்வும் பல ஆண்டுகள் இருந்தது. வொண்டர்லிக் என்று பெயர். 2022-இல் அதை விட்டுவிட்டார்கள்.

இவை துல்லியமான அளவுகள்தான். சென்டிமீட்டருக்கும் விநாடிக்கும் சண்டை வராது. சிக்கல் என்னவென்றால், எளிதில் அளக்க முடிகிறதைத்தான் அளக்கிறார்கள். மூன்று விநாடிக்குள் ஒருவர் எதைப் பார்க்கிறார், எதை விடுகிறார் என்பதை அளக்க நாடாவும் இல்லை, கடிகாரமும் இல்லை. டாம் பிரேடி என்ற இளைஞர் 2000-இல் 40 கஜத்தை ஓட எடுத்துக்கொண்டது 5.28 விநாடி. குவார்ட்டர்பேக்குகளிலேயே அது மந்தமான ஓட்டம். உடம்பும் ஒல்லி. 198 பேரை எடுத்து முடித்த பிறகுதான், ஆறாம் சுற்றில், நியூ இங்கிலாந்து அணி அவரை எடுத்தது. அவருக்கு முன்னால் ஆறு குவார்ட்டர்பேக்குகள் தேர்வாகியிருந்தார்கள். பிற்பாடு அவர் வென்ற சூப்பர் பவுல் ஏழு. எந்த ஒரு தனி அணியும் அதுவரை அத்தனை வென்றதில்லை.

சரி, ஓட்டத்தையும் உயரத்தையும் விடுங்கள். கல்லூரியில் ஆடிய ஆட்டத்தைப் பார்த்தே சொல்லலாமே? ஓரளவு சொல்லலாம். அங்கேயும் இரண்டு தடைகள் நிற்கின்றன. அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் மேல் தட்டில் மட்டும் 130-க்கும் மேற்பட்ட அணிகள். அத்தனை அணிகளிலும் தலைசிறந்து விளங்கியவர்கள்தான் தொழில்முறையின் 32 அணிகளுக்குள் வருகிறார்கள். கல்லூரியில் இரண்டு கஜம் இடைவெளியோடு ஓடும் தோழருக்கு எறிந்து பழகியவர், இங்கே கைமுட்டி நுழையும் இடைவெளிக்குள் எறிய வேண்டியிருக்கும். கல்லூரியில் பல பயிற்சியாளர்கள் எதிரணி நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, ஓரத்திலிருந்து சைகை காட்டி, என்ன செய்வது என்று சொல்லிவிடுவது வழக்கமாக இருந்தது. தொழில்முறையில் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு ஒலிபெருக்கி இருக்கும். அடுத்த முயற்சியைத் தொடங்கத் தரும் நேரத்தில் 15 விநாடி மிச்சமிருக்கும்போது பயிற்சியாளரின் குரல் அதில் அறுந்துவிடும். அதற்குப் பிறகு அவர் தனி ஆள்.

இரண்டாவது தடை, எத்தனை ஆட்டத்தைப் பார்த்தோம் என்பது. லான்ஸ் கதை இங்கேதான் புரியும். 2019-இல் வடக்கு டகோடா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடியபோது அவர் எறிந்த பந்தை எதிரணி ஒரு முறைகூடப் பறிக்கவில்லை. வியப்பான சாதனை. அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. அவருடைய அணி அந்த ஆண்டில் ஒரே ஒரு போட்டிதான் ஆடியது. ஆக, தேர்வாளர்களின் கையில் இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு முழு ஆண்டின் ஆட்டம். அதுவும் மேல் தட்டுக்கு ஒரு படி கீழே உள்ள அணிகளோடு ஆடியது. பர்டியோ அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டு ஆடியவர். நல்லதும் கெட்டதுமாக எல்லாம் பதிவாகியிருந்தது. குறைந்த ஆட்டங்களைப் பார்த்து எடுக்கும் கணிப்பில் தற்செயலின் பங்கு கூடும். நிறையப் பார்த்தால் குறையும். புள்ளியியலின் அடிப்படைப் பாடம் அது. ஆனால் இந்த இரண்டு பேரை மட்டும் வைத்து நான்கு ஆண்டு ஆடியவரையே எடுங்கள் என்று விதி எழுதிவிடக் கூடாது. இரண்டே பேர் என்பதும் குறைந்த கணக்குதான்! லான்ஸுக்கு 2022-இன் இரண்டாவது போட்டியிலேயே கணுக்கால் உடைந்தது. உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

காயம் இந்தக் கதைகளில் திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். லான்ஸ் விழுந்தபின் உள்ளே வந்தவர் ஜிம்மி கரோபொலோ. டிசம்பரில் அவருடைய பாதமும் முறிந்தது. அதற்குப் பிறகே பர்டிக்கு வாய்ப்பு. பிரேடிக்கும் இப்படித்தான். 2001 செப்டம்பரில், நியூ இங்கிலாந்து அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் டுரூ பிளெட்சோ மார்பில் பலமாக அடிபட்டு வெளியேறினார். அவர் 1993-இல் முதல் ஆளாகத் தேர்வானவர். அந்த அடி விழாமல் இருந்திருந்தால் பிரேடி எத்தனை காலம் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்? பிரேடியின் திறமையை அவரை எடுத்த அணியாவது முன்பே கண்டுகொண்டதா என்றால், அதே டிராஃப்டில் அவருக்கு முன்னால் ஆறு பேரை அது வேறு இடங்களுக்கு எடுத்திருக்கிறது. தெரிந்திருந்தால் அத்தனை நேரம் காத்திருக்குமா?

இதிலிருந்து ஒரு கேள்வி எழுகிறது. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பிரேடியைப் போன்ற திறமை இருந்தும் முன்னால் நிற்பவருக்கு அடிபடாததால் களம் காணாமலே போனவர்கள் எத்தனை பேர்? அவர்களுடைய பெயர் எந்தப் பட்டியலிலும் இராது. டேவிட் பெரி, ராப் சிம்மன்ஸ் என்ற இரண்டு பொருளியல் அறிஞர்கள் குவார்ட்டர்பேக்குகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். முன்னதாகத் தேர்வானவர்களுக்கு ஆடும் வாய்ப்பு நிறையக் கிடைக்கிறது. ஆனால் ஒவ்வொரு முயற்சியிலும் எவ்வளவு நன்றாக ஆடினார்கள் என்று பார்த்தால், முன்னால் வந்தவருக்கும் பின்னால் வந்தவருக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை என்றார்கள். உடனே மறுப்பு வந்தது: பின்னால் தேர்வானவர்களில் களத்தில் இறங்கியவர்கள் மட்டும்தானே உங்கள் கணக்கில் இருக்கிறார்கள்? இறங்காமலே வீட்டுக்குப் போனவர்களை எங்கே சேர்ப்பது? சரியான மறுப்பு. கண்ணில் படாதவர்களைக் கணக்கில் எப்படிக் கொண்டுவருவது என்பது இந்த ஆராய்ச்சியின் மிகக் கடினமான பகுதி. மருந்துகளைச் சோதிக்கிறவர்களுக்கும் இதே தலைவலி உண்டு.

ஒருவரின் திறமை அவருக்குள் மட்டும் இருக்கிறதா என்பதும் யோசிக்க வேண்டியதே. சாம் டார்னோல்டு 2018-இல் மூன்றாவதாகத் தேர்வானவர். நியூயார்க் ஜெட்ஸ் அணியில் தடுமாறினார். அங்கிருந்து கரோலினா, பிறகு சான் பிரான்சிஸ்கோ. தோற்றுப்போனவர் என்று பலரும் எழுதி முடித்துவிட்டார்கள். 2024-இல் மினசோட்டா அணிக்குப் போனார். அந்த ஆண்டு அந்த அணி 17 போட்டிகளில் 14 வென்றது. கை அதே கைதான். காப்பாற்றும் தோழர்கள், ஓடிப் பிடிக்கிறவர்கள், சொல்லிக்கொடுக்கிறவர், அவருடைய வயது, அனுபவம் எல்லாம் மாறியிருந்தன. பேட்ரிக் மஹோம்ஸை 2017-இல் பத்தாவதாக எடுத்த கான்சஸ் சிட்டி, ஏறக்குறைய ஓர் ஆண்டு முழுவதும் அவரை ஓரத்தில் உட்கார வைத்துப் பார்த்துக் கற்கச் சொன்னது. அவருக்கு முன்னால் இரண்டாவதாகத் தேர்வான மிட்செல் டிரபிஸ்கிக்குச் சிகாகோவில் அந்த அவகாசம் கிடைக்கவில்லை. அணி மாறிப் போயிருந்தால் இருவர் கதையும் என்ன ஆகியிருக்கும்? 22 வயதில் ஒருவரின் திறமை முடிந்துபோன பொருளாக அவருக்குள் இருப்பதில்லை, எங்கே எப்படி வளர்க்கப்படுகிறார் என்பதும் சேர்ந்தே அது உருவாகிறது என்றுதான் நான் நினைக்கிறேன். டிராஃப்ட் நாளில், அப்படி வளர வேண்டிய பாதித் திறமை இன்னும் பிறந்திருக்கவே இல்லை. பிறக்காததை எந்தக் கருவியால் அளப்பது?

அப்படியானால் எல்லாம் வெறும் அதிர்ஷ்டமா? இல்லை. பெரும் எண்ணிக்கையில் பார்த்தால் முதல் சுற்றில் வருகிறவர்கள் ஆறாம் சுற்றில் வருகிறவர்களைவிடச் சராசரியாக மேல்தான். தேர்வாளர்களுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவரில் யார் மேல் என்று கேட்டால்தான் திணறுகிறார்கள். 1998-இல் முதல் இடம் பேட்டன் மேனிங்குக்கா, ரையன் லீஃபுக்கா என்று பெரிய விவாதம் நடந்தது. மேனிங் முதலிலும் லீஃப் இரண்டாவதாகவும் போனார்கள். மேனிங் ஆண்டின் சிறந்த வீரர் விருதை ஐந்து முறை வாங்கினார். லீஃப் நான்கு பருவத்திலேயே காணாமல் போனார். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இருவர் குவார்ட்டர்பேக் மட்டுமின்றிக் களத்தின் எல்லா நிலை வீரர்களையும் எடுத்து ஆராய்ந்தார்கள். களத்தில் ஒரே நிலைக்கு அடுத்தடுத்துத் தேர்வான இருவரில் முன்னவரே மேலானவராக இருக்கும் வாய்ப்பு, நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே கூடுதல் என்று கண்டார்கள். தேலர் 2017-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

அவர்கள் இன்னொன்றும் சொன்னார்கள்: அணிகள் தங்கள் கணிப்பை அளவுக்கு மேல் நம்பி, முதல் சில இடங்களுக்கு மிக அதிக விலை கொடுக்கின்றன. இதற்கு ஒரு காரணத்தை 1971-இல் அட்லாண்டிக் ரிச்ஃபீல்டு எண்ணெய் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் வேறொரு துறையில் கண்டு எழுதியிருந்தார்கள். மெக்சிகோ வளைகுடாவில் கடலுக்கடியில் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று பல நிறுவனங்கள் தனித்தனியே கணித்து ஏலம் கேட்கும். சில கணிப்பு கூடுதலாக இருக்கும், சில குறைவாக இருக்கும். ஏலத்தை வெல்வது யார்? மிக அதிகமாகக் கணித்தவர். அதாவது பெரும்பாலும், உண்மையைவிட மிகக் கூடுதலாகக் கணித்துத் தவறியவர். வீரர் தேர்விலும் அப்படியே. ஒருவரை எல்லாருக்கும் முன்பாக எடுக்க ஓர் அணி துடிக்கிறது என்றால், 32 அணிகளில் அவரை மிக உயர்வாக மதிப்பிட்டது அந்த அணியாக இருக்கும். அந்த மதிப்பீட்டில் கொஞ்சம் மிகை கலந்திருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரே ஆளுக்காக எல்லாவற்றையும் கொடுப்பதைவிட, சற்றுப் பின்னால் போய் நான்கைந்து பேரை எடுத்துப் பார்ப்பது நல்லது என்பது மாஸியும் தேலரும் சொன்ன யோசனை.

இதை நீங்களே வீட்டில் சோதிக்கலாம். பத்துத் துண்டுத்தாளில் 1 முதல் 10 வரை எழுதுங்கள். இவர்கள்தான் வீரர்கள், எண்தான் அவர்களுடைய உண்மைத் திறமை. ஒவ்வொரு தாளுக்கும் ஒரு முறை தாயக்கட்டை உருட்டுங்கள், ஆறு பக்கமும் 1 முதல் 6 வரை புள்ளியுள்ள கட்டை. விழுந்ததைத் தாளின் எண்ணோடு கூட்டுங்கள். தேர்வாளரின் கண்ணுக்குத் தெரிவது இந்தக் கூட்டுத்தொகை மட்டுமே. யாருடைய தொகை மிக அதிகமோ அவரே உங்கள் முதல் தேர்வு. 10-ஆம் எண்காரர் மற்ற எல்லாரையும் முந்தித் தனியாக முதலிடம் பிடிக்கும் வாய்ப்பு, கணக்குப்படி நூற்றுக்குச் சுமார் 46-தான். நீங்கள் திரும்பத் திரும்பச் செய்து, எத்தனைக்கு எத்தனை தடவை அவர் வந்தார் என்று குறித்து வையுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் மூன்று முறை உருட்டி, சராசரியை மட்டும் கூட்டிப் பாருங்கள். இப்போது 10-ஆம் எண்காரர் முன்னைவிட அடிக்கடி வருவார். எவ்வளவு அடிக்கடி என்பதைக் கண்டுபிடித்து எங்களுக்கு எழுதுங்கள்.